கை நரம்புகளை மனப்பாடம் செய்யாதீர்கள், சொந்தக் கையிலேயே படியுங்கள்

மருத்துவப் படிப்பின் முதல் வருடத்தில் பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல்) படத்தை எத்தனை முறை வரைந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. வாய்மொழித் தேர்வில் ‘மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை என்று ஒருவர் வருகிறார், எங்கே அடிபட்டிருக்கும்?’ என்று கேட்டார்கள். படம் முழுசாகக் கண் முன்னால் நின்றது, பதில்தான் வரவில்லை.

படத்தில் தப்பில்லை, நான் படித்த திசையில்தான் தப்பு. கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கிப் படித்திருந்தேன். ஆனால் யாரும் ‘என் கழுத்துப் பின்னலில் கோளாறு’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை, ‘சுண்டுவிரல் மரத்துப் போகுது’ என்றுதான் வருவார்கள். அதனால் இங்கே தலைகீழாகப் போகலாம். முதலில் விரல்கள், அப்புறம் முழங்கை, தோள், கடைசியில் அந்தப் பின்னல். சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருங்கள், ஒரு வெள்ளைத் தாளும் இரண்டு நிறப் பேனாவும் போதும்.

கல், காகிதம், கத்தரி

சிறுவர்கள் விளையாடும் அதே விளையாட்டுதான். முழங்கை அருகே எலும்பு முறிந்து வரும் குழந்தைகளிடம் நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்களே இதைப் பயன்படுத்துகிறார்கள். விரல்களை மடக்கிக் ‘கல்’ பிடித்தால் பெரும்பாலும் மீடியன் நரம்பின் வேலை. மணிக்கட்டையும் விரல்களையும் நன்றாக நீட்டிக் ‘காகிதம்’ காட்டினால் ரேடியல். விரல்களை அகற்றிக் ‘கத்தரி’ காட்டினால் அல்னார். கையின் மூன்று பெரிய நரம்புகளும் பத்து விநாடியில் முடிந்தன.

தோலுக்கும் இதே மாதிரி மூன்று இடங்களை நினைவில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் நுனிச் சதை மீடியன், சுண்டுவிரலின் நுனிச் சதை அல்னார், புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோல் ரேடியல். மற்ற இடங்களில் எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறவும் செய்யும். இந்த மூன்றில்தான் குழப்பம் குறைவு.

அல்னார்: எல்லோரும் இடித்துக்கொண்ட நரம்பு

முழங்கையின் உள்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பைத் தொடுங்கள். அதற்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே விரலை மெதுவாக உருட்டினால் கயிறு மாதிரி ஒன்று நழுவும். அதுதான் அல்னார் நரம்பு. கதவில் முழங்கை இடித்ததும் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஆகிறதே, அது எலும்பின் வலி இல்லை, இந்த நரம்பு போடும் சத்தம். இங்கே அதற்கு மேல் தோலும் மெல்லிய உறையும்தான், மெத்தை எதுவும் கிடையாது. முழங்கையை மடக்கி வைத்தால் நரம்பு இழுபடும். அதனால்தான் போனைக் காதில் வைத்து ரொம்ப நேரம் பேசுகிறவர்களுக்குச் சுண்டுவிரல் மரத்துப் போகிறது.

சுண்டுவிரலும், மோதிர விரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதியும் இதன் தோல். தசைகளைப் பொறுத்தவரை உள்ளங்கையின் நுண்ணிய வேலை பெரும்பாலும் இதன் கையில்தான். சோதிக்க ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே, கட்டைவிரல் மடங்காமல், இறுக்கிப் பிடியுங்கள். இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். அல்னார் பலவீனமாக இருந்தால் கட்டைவிரலின் நுனி மூட்டு தானாக மடங்கிக்கொள்ளும், ஏனென்றால் ஒட்டிப் பிடிக்கும் தசை கைவிட்டதும், மீடியன் நரம்பு இயக்கும் மடக்குத் தசை உதவிக்கு வருகிறது. 1915இல் ஃப்ரோமான் என்ற பிரெஞ்சு நரம்பியலாளர் விவரித்த சோதனை இது, இன்றும் ஒரு துண்டுத் தாளைத் தவிர எதுவும் தேவையில்லை.

ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்த நரம்பு மணிக்கட்டில் அறுபட்டால் கடைசி இரண்டு விரல்களும் நகம்போல் வளைந்து நிற்கும், முழங்கையில் அறுபட்டால் வளைவு குறைவாக இருக்கும். அடி மேலே போகப் போக கை பார்க்க நன்றாகத் தெரிகிறது! முழங்கையிலேயே அறுபட்டால் அந்த விரல்களை மடக்கும் முன்கைத் தசையும் செயலிழக்கிறது, வளைத்து இழுக்க ஆளில்லை. நன்றாகத் தெரிவது நல்ல செய்தி அல்ல.

மீடியன்: சுரங்கப் பாதையில் ஒரு நெரிசல்

மணிக்கட்டின் உட்புறத்தில் குறுகலான ஒரு சுரங்கம் இருக்கிறது. கீழே எலும்புகள், மேலே தடித்த ஒரு பட்டை, அதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள், கூடவே மீடியன் நரம்பு. வீக்கம் கொஞ்சம் வந்தாலே முதலில் நசுங்குவது நரம்புதான், தசைநாண்கள் முரட்டுப் பிறவிகள். கார்ப்பல் டன்னல் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் மீதிப் பாதி மரத்துப் போய், எழுந்து கையை உதறினால் சரியாகும்.

இதில் தேர்வுக்கும் நிஜ வாழ்க்கைக்கும் உதவும் ஒரு நுணுக்கம்: விரல்கள் மரத்தாலும் உள்ளங்கையின் நடுத்தோல் தப்பிவிடும், காரணம் அந்தத் தோலுக்கான கிளை சுரங்கத்துக்கு முன்பே பிரிந்து பட்டைக்கு மேலே போய்விடுகிறது. உள்ளங்கையும் சேர்ந்து மரத்தால் பிரச்சினையை மணிக்கட்டுக்கு மேலே தேடுங்கள்.

தசையைச் சோதிக்க, கையை மல்லாத்தி மேசையில் வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேராகத் தூக்குங்கள், மற்றொரு கையால் அதைக் கீழே அழுத்துங்கள். அப்புறம் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடுங்கள். வட்டம் வராமல் விரல்கள் தட்டையாக ஒட்டிக்கொண்டால், முன்கையில் மீடியனிலிருந்து பிரியும் ஒரு கிளை பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கிளைக்குத் தோலில் வேலையே இல்லை, அதனால் மரமரப்பு இல்லாமலே இது வரும்.

ரேடியல்: நீட்டுவது எல்லாம் இதன் பொறுப்பு

மேற்கை எலும்பின் பின்புறத்தில், எலும்பை ஒட்டியபடி சுற்றிக்கொண்டு இறங்குகிறது ரேடியல் நரம்பு. மேற்கை எலும்பு நடுவில் முறிந்தாலோ, நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப்போட்டு அசந்து தூங்கிவிட்டாலோ இங்கேதான் அடி. காலையில் எழுந்தால் மணிக்கட்டு தொங்கும். ஆனால் முழங்கையை நீட்ட முடியும், ஏனென்றால் முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் தசைக்கான கிளைகள் அதற்கு முன்பே, பெரும்பாலும் அக்குள் பக்கத்திலேயே, பிரிந்துவிடுகின்றன. எனக்குத் தேர்வில் கேட்டது இதுதான். ட்ரைசெப்ஸ் வேலை செய்கிறதா என்ற ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தாலே பிழைத்திருப்பேன்.

இப்போது ஒரு பரிசோதனை. மணிக்கட்டை முழுக்கக் கீழே மடக்கி, அப்படியே விரல்களை இறுக்கி மூடிப் பாருங்கள். பிடி வரவே வராது. மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு மூடுங்கள், எவ்வளவு பலம்! மணிக்கட்டு தொங்குகிறவர் ‘பிடிக்க முடியலை’ என்று சொல்வதைக் கேட்டு மடக்குத் தசைகளும் போய்விட்டதாக முடிவுகட்டக் கூடாது. மணிக்கட்டைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

தோளுக்குப் போகலாம்

ஆக்சிலரி நரம்பு மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றி ஓடித் தோளின் டெல்டாய்டு தசைக்குப் போகிறது. தோள் மூட்டு நழுவினால் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள், தோளின் வெளிப்புறத்தில் ஒரு சின்ன வட்டத் தோலைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று. மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு (பெயர்தான் நீளம், வேலை எளிது) உள்ளங்கை மேலே பார்க்க முழங்கையை மடக்கும்போது புடைக்கும் பைசெப்ஸுக்கும், முன்கையின் வெளிப்புறத் தோலுக்கும் போகிறது. இன்னொன்றும் உண்டு, லாங் தொராசிக். இரண்டு கைகளாலும் சுவரைத் தள்ளச் சொல்லும்போது தோள்பட்டை எலும்பு சிறகு மாதிரி பின்னால் துருத்தினால் இதில் கோளாறு.

இப்போதுதான் படம்

கையில் தொட்டதை எல்லாம் இனி ஒரே தாளில் கோக்கலாம். கழுத்திலிருந்து ஐந்து கோடுகள், இவைதான் வேர்கள்: சி5, சி6, சி7, சி8, டி1 (சி என்றால் கழுத்து நரம்பு, டி என்றால் மார்பு நரம்பு). கழுத்தெலும்புகள் ஏழுதானே, சி8 எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். கழுத்து நரம்புகள் எட்டு, முதல் ஏழும் தத்தம் எலும்புக்கு மேலே வெளிவருகின்றன, எட்டாவது ஏழாம் எலும்புக்குக் கீழே வருகிறது.

மேலிரண்டையும் சேருங்கள், நடுவில் உள்ளதைத் தனியே விடுங்கள், கீழிரண்டையும் சேருங்கள். மூன்று அடிமரங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் முன், பின் என்று இரண்டாகப் பிரியுங்கள். இது காறையெலும்புக்குப் பின்னால் நடக்கிறது. பின்கிளைகளை மட்டும் இரண்டாவது நிறத்தில் போடுங்கள், இந்த ஒரு பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. மூன்று பின்கிளைகளும் சேர்ந்து ஒரே பின்கயிறு. அதிலிருந்து ஆக்சிலரியும் ரேடியலும். முன்கிளைகளில் மேலும் நடுவும் சேர்ந்து வெளிக்கயிறு, கீழேயுள்ளது தனியாக உள்கயிறு. வெளி, உள், பின் என்ற பெயர்கள் அக்குளில் ஓடும் தமனியை வைத்துச் சொல்வது. வெளிக்கயிற்றிலிருந்து மஸ்குலோகியூட்டேனியஸ், உள்கயிற்றிலிருந்து அல்னார், இரண்டும் ஆளுக்கொரு பங்கு கொடுத்து நடுவில் மீடியன்.

நிறத்தைப் பார்த்தீர்களா? முன்கிளைகளிலிருந்து வந்தவை மடக்கும் பக்கத்துக்கும், பின்கிளைகளிலிருந்து வந்தவை நீட்டும் பக்கத்துக்கும் போகின்றன. விதிவிலக்கு ஒன்று இல்லாமல் போகுமா, பிரேக்கியோரேடியாலிஸ் என்ற தசை முழங்கையை மடக்கும், ஆனால் ரேடியல் நரம்பில் ஓடும். தேர்வாளர்களுக்குப் பிடித்தமான தசை.

தோலில் வேர்களின் கணக்கு வேறு: சி6 கட்டைவிரல், சி7 நடுவிரல், சி8 சுண்டுவிரல். அப்படியானால் சுண்டுவிரல் மரத்தால் அல்னாரா சி8 வேரா? முன்கையின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தத் தோல் அல்னாருடையது அல்ல, உள்கயிற்றிலிருந்து நேராக வரும் வேறு நரம்புடையது. மரமரப்பு மணிக்கட்டைத் தாண்டி முன்கையில் ஏறினாலோ, மோதிர விரல் பாதியாகப் பிரியாமல் முழுதும் மரத்தாலோ, முழங்கையை விட்டுவிட்டு மேலே தேடுங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. கை திடீரென்று பலமிழந்து, கூடவே வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ இந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், அது மூளையின் விஷயம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மார்பு வலியோடு இடக்கையில் வலி வந்தாலும் அப்படியே.

கடைசியாக ஒரு கணக்கு. பைக்கிலிருந்து விழுந்தவருக்குத் தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டிருக்கிறது. கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை, முழங்கையை மடக்க முடியவில்லை, விரல்கள் மட்டும் நன்றாக வேலை செய்கின்றன. ஆக்சிலரியும் மஸ்குலோகியூட்டேனியஸும் சேர்ந்து போயிருக்கின்றன, ஒன்று பின்கயிற்றுப் பிள்ளை, மற்றது வெளிக்கயிற்றுப் பிள்ளை. படத்தில் இரண்டையும் பின்னோக்கித் தடம் பிடியுங்கள், இரண்டும் சந்திக்கும் இடம் மேல் அடிமரம், சி5 சி6. எர்ப் என்ற ஜெர்மானிய நரம்பியலாளர் 1874இல் எழுதிய இடம் இதுதான். இதற்கு எதிர்முனையான சி8 டி1 பாதிப்பை 1885இல் விவரித்த ஆகஸ்டா குளும்ப்கே அப்போது மருத்துவ மாணவி. சரி, நம் ஆளைச் சுவரைத் தள்ளச் சொல்லுங்கள். தோள்பட்டை துருத்தவில்லை என்றால் அடி அடிமரத்தோடு நிற்கிறது. துருத்தினால், லாங் தொராசிக் நரம்பு அடிமரம் உருவாகும் முன்பே வேர்களிலிருந்து பிரிவதால், அடி இன்னும் மேலே, தண்டுவடத்தை ஒட்டிய வேரில்.