நண்பர்களோடு சேற்று ஓட்டம்: முதன்முறை இறங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சேறு புதிதில்லை. மழை விட்ட மறுநாள் செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய கால்கள்தான் நம் எல்லாருடையதும். ஆனாலும் சுவர் ஏறி, கம்பிக்கு அடியில் தவழ்ந்து, இடுப்பளவு சேற்றைக் கடந்து ஐந்தாறு கிலோமீட்டர் போக வேண்டும் என்றதும் "நம்மால் முடியுமா?" என்ற தயக்கம் வந்துவிடுகிறது. முடியும். இந்த ஓட்டத்தில் வேகம் கடைசிக் கவலை. கூட வந்தவர்கள் அத்தனை பேரும் முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும், தர்மத்துக்குத் திரட்டிய பணம் உரியவர்களிடம் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

இந்த விளையாட்டின் வேரும் அப்படித்தான். இங்கிலாந்தில் 1987-இல் தொடங்கிய ‘டஃப் கை’ ஓட்டமே தர்ம காரியத்துக்குப் பணம் திரட்டிய ஓட்டம். 2010-இல் அமெரிக்காவில் ‘டஃப் மடர்’, ‘ஸ்பார்ட்டன் ரேஸ்’ இரண்டும் தொடங்கின. ஸ்பார்ட்டன் நேரம் பார்க்கும் பந்தயம். டஃப் மடரில் கிளம்புவதற்கு முன்பே, என் நேரத்தைவிடக் கூட வருபவர்கள் முக்கியம் என்று உறுதிமொழி எடுக்க வைப்பார்கள். முதன்முறை போகிறவர்கள் இந்த இரண்டாவது மனநிலையோடு போங்கள்.

முதல் படி: ஆள் சேர்ப்பது

நான்கிலிருந்து ஆறு பேர் நல்ல கணக்கு. மூன்று பேர் என்றால் உயரமான சுவரில் தூக்கிவிட ஆள் போதாது. எட்டுப் பேர் என்றால் ஒவ்வொரு தடையிலும் ஒருவருக்கொருவர் காத்திருந்தே பொழுது போய்விடும். எல்லாரும் ஒரே மாதிரி உடல் பலம் உள்ளவர்களாக இருக்க வேண்டியதில்லை. பெயர் கொடுக்கும் முன் ஒரு பேச்சை மட்டும் முடித்துவிடுங்கள்: குழுவில் யார் மெதுவோ அவர் வேகம்தான் எல்லாருடைய வேகமும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் தனியாகப் பந்தயம் ஓடட்டும், அதில் ஒன்றும் தவறில்லை.

இருதய நோய், வலிப்பு, கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இறங்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, இன்ஹேலரை ஜிப் பையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளலாம். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: பணத்துக்கு வழி போடுவது

பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலிலேயே செய்ய வேண்டிய வேலை இது.

‘தர்ம ஓட்டம்’ என்று விளம்பரம் செய்யும் ஏற்பாட்டாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: நாங்கள் கட்டும் கட்டணத்தில் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) அந்த அமைப்புக்குப் போகிறது? எந்த அமைப்பு? அது சங்கப் பதிவு இலாகாவில் பதிந்த அமைப்பா? பதில் மழுப்பலாக இருந்தால் அந்த ஓட்டத்தை உடற்பயிற்சியாக மட்டும் எடுத்துக்கொண்டு, தர்மத்துக்கு நீங்களே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உள்ளூர்த் தமிழ்ப்பள்ளியின் கட்டட நிதி, முதியோர் இல்லம், டயாலிசிஸ் மையம் என்று நம் பக்கத்திலேயே தேவைகள் இருக்கின்றன. டயாலிசிஸ் செய்துகொள்பவர் பொதுவாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். தோட்ட வேலையோ தொழிற்சாலை வேலையோ செய்யும் ஒருவர் வாரத்தில் மூன்று நாளை அதற்குக் கொடுத்தால் வீட்டு வருமானம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். அமைப்பின் டுயிட்நவ் கியூஆர் குறியீட்டை (கைப்பேசியில் வருடிப் பணம் அனுப்பும் குறியீடு) கேட்டு வாங்கி, அதையே அனுப்புங்கள். தெரிந்தவர்களிடம் கேட்பது வேறு, உண்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகவோ இரவுச் சந்தையிலோ வசூலிப்பது வேறு. இரண்டாவதற்குப் போலீஸ் உரிமம் வேண்டும், 1947-ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால், கொடுப்பவர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக் கழிவு கேட்கலாம். சம்பளக்காரர்களிடம் இதைச் சொல்லிக் கேட்டால் தொகை கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

கேட்கும் விதமும் முக்கியம். பொதுவாக எல்லாருக்கும் ஒரு படத்தைத் தட்டிவிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி எழுதுங்கள்: "வணக்கம் அண்ணே. நாங்கள் ஐந்து பேர் அடுத்த மாதம் சேற்று ஓட்டம் ஓடுகிறோம். நம் ஊர் டயாலிசிஸ் மையத்துக்காக. ஒரு கிலோமீட்டருக்கு 5 வெள்ளி என்று வைத்தால் ஆறு கிலோமீட்டருக்கு 30 வெள்ளி. முடிந்ததைப் போடுங்கள் அண்ணே, நேராக மையத்தின் கணக்குக்கே போகும்." கிலோமீட்டர் கணக்குச் சொன்னால், எவ்வளவு கொடுப்பது என்ற சங்கடம் எதிரில் இருப்பவருக்கு இருக்காது.

மூன்றாம் படி: எட்டு வாரப் பயிற்சி

ஜிம் தேவையில்லை. வாரத்துக்கு மூன்று நாள் போதும். முதல் இரண்டு வாரம் நான்கு நிமிட நடை, ஒரு நிமிட மெது ஓட்டம் என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம். பிறகு ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். ஆறாவது வாரத்தில் ஐந்து கிலோமீட்டரை நடந்தும் ஓடியும் முடிக்க முடிந்தால் தூரம் கைவசம்.

ஆனால் முதன்முறை வருபவர்களைத் தடுப்பது தூரத்தைவிடக் கைப்பிடிதான். திடலில் உள்ள கம்பியில் வெறுமனே தொங்குங்கள். பத்து விநாடியில் தொடங்கி முப்பது விநாடிக்குக் கொண்டு வாருங்கள். பத்துக் கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டு மேட்டில் ஏறி இறங்குங்கள். இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பது கைப்பிடிக்கும் முதுகுக்கும் சேர்த்தே பயிற்சி. புல்லில் முழங்கை ஊன்றித் தவழ்வதைப் பார்க்கப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நம்மைவிட நன்றாகத் தவழ்வார்கள்.

தோட்டத்துச் சாலையில் ஓடுவதென்றால் முதலில் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது தனியார் நிலம். வெட்டிய ஓலைகளை மர வரிசைக்கு நடுவே அடுக்கி வைத்திருப்பார்கள். அதன் மேல் கால் வைக்காதீர்கள். எலியைத் தேடி வரும் நல்ல பாம்புக்கு அதுதான் வீடு. களைக்கொல்லி மருந்து அடித்த பகுதியில் தவழ வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி வளைவில் வந்தால் உங்களைப் பார்த்து நிறுத்துவது சிரமம், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள்.

நான்காம் படி: சப்பாத்தும் துணியும்

விலை உயர்ந்த ஓட்டச் சப்பாத்து வேண்டாம். பஞ்சுத் திண்டு தடிமனாக இருந்தால் தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். பால்மரம் வெட்டுபவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தை நம் நாட்டில் ‘அடிடாஸ் கம்போங்’ என்பார்கள். மலையேறுபவர்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அடியில் உள்ள குமிழ்கள் வழுக்கும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு முழுதும் ரப்பர் என்பதால் தண்ணீரில் ஊறாது. குறை என்னவென்றால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, தார்ச்சாலையில் ஓடினால் குதிகால் வலிக்கும். நீளமான, பருத்தி அல்லாத காலுறை போட்டு, பயிற்சியிலேயே நான்கைந்து முறை ஓடிப் பழகிவிட்டால் நல்ல தேர்வு. எந்தச் சப்பாத்தானாலும் கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியை உள்ளே செருகுங்கள்.

பருத்திச் சட்டை வேண்டாம். சேறு ஏறினால் முழங்கால் வரை தொங்கும். உடம்போடு ஒட்டிய, சீக்கிரம் காயும் சட்டையும் முழங்காலை மூடும் நீள்காற்சட்டையும் போடுங்கள். தவழும்போது முட்டி உராயாது. மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கம்பியில் தொங்கும்போது மோதிரம் மாட்டினால் விரலின் சதையே கிழிந்துவிடும். சங்கிலியும் வலையில் சிக்கும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாத அக்காமார், அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் மாற்றி உள்ளே பின் குத்திக்கொள்ளலாம். நீள முடியை இறுக்கிப் பின்னிவிடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் அறவே கூடாது.

ஐந்தாம் படி: ஓட்ட நாள் காலை

முதலில் கிளம்பும் தொகுதியில் இடம் கிடைத்தால் எடுங்கள். வெயில் ஏறியிருக்காது, தடைகளில் வரிசையும் குறைவு. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே பசியாறிவிடுங்கள். இட்லியோ, ரொட்டியும் வாழைப்பழமுமோ போதும். நாசி லெமாக்கை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கையில் காலில் சிராய்ப்பு இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். பெரிய புண் என்றால் இறங்காதீர்கள், ஓரமாக நின்று தண்ணீர் கொடுக்கவும் படம் எடுக்கவும் ஆள் தேவைதான். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் முன்கூட்டியே கிளினிக்கில் கேளுங்கள்.

காரில் இருக்க வேண்டியவை: மாற்றுத் துணி, செருப்பு, பழைய துண்டு, பெரிய குடிநீர்ப் போத்தல்கள், குப்பைப் பை, இருக்கையில் விரிக்கப் பழைய நாளிதழ், கட்டாயம் ஒரு கைலி. உடை மாற்றும் கூடாரத்தில் அரை மணி நேரம் வரிசை நிற்கும்போது கைலிதான் கைகொடுக்கும்.

ஆறாம் படி: தடைகளைக் கடப்பது

சேற்றுக் குழி: தலைகீழாகப் பாய்வது வேண்டவே வேண்டாம். அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று தெரியாது, கழுத்து முறியும். உட்கார்ந்த வாக்கில் காலை முதலில் விடுங்கள். கால் புதைந்துவிட்டால் நேராக மேலே இழுக்காதீர்கள், சப்பாத்து உள்ளே தங்கிவிடும். குதிகாலை இடம் வலமாக ஆட்டுங்கள். காற்று உள்ளே புகுந்து சேற்றின் பிடி தளரும். பிறகு குதிகாலை முதலில் தூக்கி, கால் விரல்களைக் கீழ் நோக்கி நீட்டியபடி வெளியே எடுங்கள். இடுப்பளவு என்றால் முன்னால் சாய்ந்து, முழங்காலைத் தள்ளித் தள்ளி நடங்கள்.

முள்கம்பிக்கு அடியில்: பிட்டம் உயர்ந்தால் கம்பி கிழிக்கும். நிலம் சமமாக இருந்தால் படுத்து உருண்டே போய்விடலாம்.

சுவர்: குழுவின் அருமை தெரியும் இடம் இது. ஒருவர் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை முன்னால் மடக்கி, தொடையைப் படியாகக் கொடுக்கட்டும். ஏறுபவர் இடுப்பை ஒட்டிய தொடையில் மிதிக்க வேண்டும். முழங்கால் பக்கம் மிதித்தால் கீழே இருப்பவருக்கு அடி. நல்ல பலமுள்ள ஒருவர் முதலில் ஏறிச் சுவரின் மேல் இருபுறமும் கால் போட்டு உட்காரட்டும். இன்னொரு பலசாலி கடைசிவரை கீழேயே நிற்கட்டும். அந்தக் கடைசி ஆளை மேலிருந்து இருவர் இழுக்க வேண்டும். விரலைப் பிடித்தால் சேற்றில் வழுக்கும். மணிக்கட்டை மணிக்கட்டு பற்றட்டும். மறுபக்கம் குதிக்காமல், கையில் தொங்கி, முழங்கால் மடித்து இறங்குங்கள்.

குரங்குக் கம்பிக்கு (கையால் தொங்கித் தொங்கித் தாண்டும் கம்பி வரிசை) முன் கையைச் சட்டையின் உள்பக்கத்தில் துடையுங்கள், அங்கேதான் சேறு குறைவாக இருக்கும். முடியவில்லையா, ஓரமாகச் சுற்றிப் போங்கள். தர்ம ஓட்டத்தில் யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இடி கேட்டால் தண்ணீரையும் இரும்புத் தடைகளையும் விட்டு உடனே வெளியேறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். தண்ணீர் நிலையங்களில் நின்று குடியுங்கள். யாராவது உளறினாலோ தள்ளாடினாலோ ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொண்டு, நிழலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றி விசிறி, முதலுதவி ஆளைக் கூப்பிடுங்கள்.

ஏழாம் படி: கழுவுவதும் கவனிப்பதும்

சேறு காயும் முன் குழாயடியில் நில்லுங்கள். கண்ணைத் தேய்க்காமல் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காதைப் பஞ்சுக் குச்சியால் குடையாதீர்கள். பிறகு சோப்புப் போட்டுக் குளித்து, ஒவ்வொரு கீறலையும் தேடிப் பார்த்து மருந்து போடுங்கள். துணியை வீட்டு வாசலில் குழாய் போட்டு அலசிய பிறகே இயந்திரத்தில் போடலாம். சப்பாத்துக்குள் நாளிதழைத் திணித்து நிழலில் காய வையுங்கள்.

இனி நான் முன்பு சொன்ன எச்சரிக்கை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் மண்ணிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் ஏறும். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும், ஒரு மாதம்கூட ஆகலாம். மெலியோய்டோசிஸ் என்ற இன்னொரு கிருமி நோயும் நம் மண்ணில் உண்டு, இனிப்பு நீர் உள்ளவர்களை அதுதான் கடுமையாகத் தாக்கும். 2010-இல் பகாங் லுபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடும் பணியில் ஈடுபட்டவர்களுக்கு இந்த இரண்டு நோயும் வந்து, சிலர் உயிரிழந்தார்கள். அதனால் இனிப்பு நீர் உள்ளவர்கள் டாக்டர் சம்மதம் இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம், வேறு வகையில் குழுவுக்கு உதவலாம். மற்றவர்கள் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு மாதம் உடம்பைக் கவனியுங்கள். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாமல் கிளினிக்குக்குப் போங்கள். போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "இந்தத் தேதியில் சேற்றில் இறங்கினேன், டாக்டர்." நம் நாட்டில் காய்ச்சல் என்றால் டெங்கியைத்தான் முதலில் நினைப்பார்கள். நீங்கள் சொன்னால்தான் இதற்கும் சோதனை செய்வார்கள்.

எட்டாம் படி: கணக்கு ஒப்படைப்பது

ஒரு வாரத்துக்குள் அமைப்பிடம் மொத்தத் தொகையைக் கேட்டு, கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லி அனுப்புங்கள். சேறு பூசிய முகத்தோடு ஐந்து பேரும் நிற்கும் படம் ஒன்றும் சேர்ந்து போகட்டும், அடுத்த ஆண்டு கேட்க வசதியாக இருக்கும். வரிக் கழிவுக்கு ரசீது வேண்டும் என்பவர்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அமைப்புக்கே நேரடியாக அனுப்பட்டும். வாட்ஸ்அப் குழுவில் யாரும் அதைப் போட வேண்டாம்.