‘வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதுகிறவர்களுக்கு

புதிதாக ஆங்கிலம் எழுதிப் பழகுகிறவர்களின் மெயில்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. சில வரிகளைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும், ஏனென்றால் அதே வரியை அட்சரம் பிசகாமல் ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். இங்கே நான் சொல்லப்போவது பிரிபொசிஷன்களை, அதாவது இன், பை, டில் மாதிரியான சின்னச் சொற்களைப் பற்றி. அவற்றில் இன், ஆன், அட் குழப்பத்தை எந்த இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாலும் சொல்லிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

டிஸ்கஸ் அபௌட்

அபௌட் வேண்டாம். ‘பற்றி’ என்பது டிஸ்கஸுக்குள்ளேயே இருக்கிறது.

மேரீட் வித்

மேரீட் டு.

டில், பை, வித்தின்

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை. முதன்முதலாகக் கிடைத்த மொழிபெயர்ப்பு வேலையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்ல நினைத்து, ‘ஐ வில் ஒர்க் ஆன் இட் டில் ஃப்ரைடே’ என்று மெயில் போட்டேன். மனசுக்குள் ஓடியது ‘வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு’ என்கிற நம் பேச்சு. வேலை கொடுத்தவருக்கோ, வெள்ளி வரைதான் செய்வேன், அப்புறம் கைகழுவிவிடுவேன் என்று புரிந்திருக்கிறது. மீதிப் பக்கங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார், எனக்குப் பாதிக் காசுதான் வந்தது. அவரைக் குறைசொல்லவும் முடியாது, நான் எழுதியதைத்தானே அவர் படித்தார்!

ஒரு செயல் அதுவரை நீண்டுகொண்டே போனால் டில். அந்த நேரத்துக்குள் முடிந்துவிட்டால் பை. இந்த வித்தியாசம் தமிழில் பளிச்சென்று இருப்பதுதான் வேடிக்கை. ‘ஆறு மணி வரை தூங்கினான்’ என்போம், ‘ஆறு மணிக்குள் தூங்கினான்’ என்றால் காது உடனே இடறும். எழுதும்முன் அந்த வரியைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘வரை’ பொருந்தினால் டில், ‘க்குள்’ பொருந்தினால் டில் கிடையாது.

இங்கேதான் அடுத்த பள்ளம். ‘க்குள்’ என்றால் வித்தின் என்று மனப்பாடம் செய்தவர்கள் ‘வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதுகிறார்கள், வாரத்துக்கு ஒன்றாவது என் கண்ணில் படுகிறது. வித்தினுக்குப் பின்னால் கால அளவு வர வேண்டும்: வித்தின் த்ரீ டேஸ். கிழமையோ தேதியோ மணியோ வந்தால் பை: பை ஃப்ரைடே. அதே சமயம் ‘ஐ வில் கால் யூ இன் டென் மினிட்ஸ்’ என்றால் பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம், பத்து நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் என்றால் வித்தின்.

சின்ஸ் த்ரீ இயர்ஸ்

இதற்கும் தமிழே கைகொடுக்கும். ‘மூன்று வருஷமாக’ என்று வந்தால் ஃபார், ‘2020இலிருந்து’ என்று வந்தால் சின்ஸ்.

பிரிபொசிஷன் வாக்கியக் கடைசியில் வரலாமா?

தாராளமாக வரலாம். கவிஞர் ஜான் ட்ரைடன் 1672இல் நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரி ஒன்றைக் காட்டி, பிரிபொசிஷன் கடைசியில் நிற்கிறதே என்று குறை சொன்னார், பின்னால் வந்த வாத்தியார்கள் அந்த எண்ணத்தையே சட்டமாக்கிவிட்டார்கள். ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ நல்ல ஆங்கிலம்தான். அந்த ‘அட்’டை முன்னால் தூக்கி வைத்து ‘அட் வாட் ஆர் யூ லுக்கிங்?’ என்று எழுதிக் கொண்டுவந்தால் நான் பழையபடி பின்னாலேயே தள்ளிவிடுவேன்.