டைரோஸ் கதையைச் சொல்லும்போது வழுக்கும் இடங்கள்

பள்ளி வினாடி வினா ஒன்றுக்கான கேள்விகளைச் சரிபார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டாவது கேள்வி: "விண்வெளியிலிருந்து பூமியை முதன்முதலில் படம் எடுத்தது எது?" விடை, அமெரிக்காவின் டைரோஸ்-1 வானிலைச் செயற்கைக்கோள். தவறு என்று சுழித்து அனுப்பினேன். "எல்லா இடத்திலும் அப்படித்தானே சார் போட்டிருக்கு?" என்று பதில் வந்தது. போட்டிருப்பது உண்மைதான். ஆரம்பகால வானிலைச் செயற்கைக்கோள்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள், நான் உட்பட, ஒரே பள்ளங்களில்தான் மறுபடி மறுபடி விழுகிறோம்.

முதல் பள்ளம் 'முதல்' என்ற சொல்லேதான். 1946 அக்டோபர் 24 அன்று நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸிலிருந்து ஏவிய வி-2 ராக்கெட், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலிருந்து பூமியைப் படம் எடுத்துவிட்டது. ராக்கெட் விழுந்து நொறுங்கினாலும் எஃகுப் பெட்டிக்குள் இருந்த பிலிம் சுருள் பிழைத்தது. சுற்றுப்பாதையிலிருந்து மங்கலாக ஒரு படம் அனுப்பிய பெருமை 1959 ஆகஸ்டில் எக்ஸ்ப்ளோரர்-6 செயற்கைக்கோளுக்குப் போகிறது. சரி, முதல் வானிலைச் செயற்கைக்கோள் என்றாவது டைரோஸைச் சொல்லலாமா? அங்கேயும் கவனம் வேண்டும். 1959 பிப்ரவரி 17 அன்றே, மேகங்களை அளப்பதற்காக ஒளி உணரிகளுடன் வான்கார்டு-2 மேலே போயிற்று. போனது தள்ளாடிக்கொண்டே சுழன்றதால் அனுப்பிய தகவல் பயன்படவில்லை. ஆகவே 'வெற்றிகரமாக இயங்கிய முதல் வானிலைச் செயற்கைக்கோள்' என்று எழுதுங்கள். இடம் போதவில்லை என்று 'வெற்றிகரமாக இயங்கிய' என்பதை வெட்டினால் வாக்கியமே பொய்யாகிவிடும்.

அடுத்தது பெயர். டைரோஸ் என்பதன் விரிவு 'தொலைக்காட்சி, அகச்சிவப்பு நோக்குச் செயற்கைக்கோள்'. இருட்டிலும் பார்க்க உதவும் அகச்சிவப்பு பெயரில் இருக்கிறதே என்று, டைரோஸ்-1 இரவிலும் மேகங்களைப் பார்த்தது என எழுதிவிடுகிறார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோளில் அகச்சிவப்புக் கருவியே கிடையாது. இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்கள் மட்டும்தான். அகச்சிவப்பு அதே ஆண்டு நவம்பரில் டைரோஸ்-2இல் வந்தது. அதன் அகன்ற கோணக் கேமராவோ தொடக்கத்திலிருந்தே கலங்கலாகத்தான் தெரிந்தது.

இவையெல்லாம் சில்லறைத் தவறுகள். பெரிய தவறு வேறு. இன்று செய்தியில் வங்கக் கடல்மேல் வெள்ளைச் சுருள் ஒன்று சுழன்று நகர்வதைப் பார்க்கிறோம் அல்லவா, அந்தக் காட்சியை அப்படியே 1960க்குக் கொண்டுபோய் ஒட்டுவது. "டைரோஸ் வந்த நாள் முதல் புயல்களை நொடிக்கு நொடி கண்காணிக்க முடிந்தது" என்று ஒரு கட்டுரையில் படித்து நொந்துபோனேன்.

நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். டைரோஸ்-1 பதினெட்டுப் பட்டைகள் கொண்ட ஒரு பெரிய மேளம் மாதிரி இருக்கும். குறுக்களவு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், எடை சுமார் 120 கிலோ, உடம்பெல்லாம் சூரிய மின்கலங்கள். கேமராக்கள் இரண்டும் அடித்தட்டில். நிலை குலையாதிருக்க அது பம்பரம்போல் தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றும் பம்பரத்தின் அச்சு ஒரே திசையைத்தான் காட்டும். அதனால் பூமியைச் சுற்றிவரும்போது ஒரு பக்கத்தில் கேமரா தரையைப் பார்க்கும், மறுபக்கத்தில் வெறும் வானத்தைப் பார்க்கும். தரையைப் பார்க்கும் நேரத்தில் அங்கே பகலாகவும் இருந்தாக வேண்டும். தரை நிலையத்தின் பார்வைக்கு அப்பால் எடுத்ததை ஒரு காந்த நாடாவில் பதிந்துவைக்கும். ஒரு கேமராவுக்கு 32 படம், அவ்வளவுதான் கொள்ளளவு. நியூ ஜெர்சியிலோ ஹவாயிலோ உள்ள நிலையத்தின் மேல் வரும்போது இறக்கிவைக்கும்.

இறங்கிய படம் எந்த ஊருடையது? கரையோரம் ஏதாவது தெரிந்தால் பிழைத்தோம். நடுக்கடல் என்றால் கோளின் சாய்வையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, அட்சரேகை தீர்க்கரேகைக் கட்டங்களைப் படத்தின்மேல் பொருத்த வேண்டும். பிறகு மேகங்களை வரைபடமாகக் கையால் வரைந்து பேக்ஸில் அனுப்புவார்கள். முன்னறிவிப்பாளர் மேசைக்கு வந்தது பெரும்பாலும் அந்தக் கோட்டுச் சித்திரம்தான். 78 நாளில் ஏறக்குறைய 23,000 படங்கள் வந்தன என்பது பெரிய எண்தான். ஆனால் அவை உலகம் முழுவதையும் மூடிய படங்கள் அல்ல. நிலநடுக்கோட்டுக்குப் பாதையின் சாய்வு 48 பாகை. துருவங்கள் பக்கமே அது போகவில்லை. அதைத் துருவச் சுற்றுப்பாதைக் கோள் என்று எழுதுவதும் இதனால் தவறு. உலகம் முழுவதின் மேகங்களும் ஒரே ஒட்டுப்படமாகக் கிடைத்தது 1965 பிப்ரவரியில், டைரோஸ்-9 வழியாக. ஒரே இடத்தில் நின்று பார்க்கும் புவிநிலைக் கேமரா 1966 டிசம்பரில்தான் வந்தது. ஏடிஎஸ்-1 கோளில் இருந்த அந்தக் கேமரா அமெரிக்க வானிலை அறிஞர் வெர்னர் சுவோமியின் யோசனை. அதுவும் பசிபிக் கடலுக்கு மேலே.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அச்சு ஒரே திசையில் நிற்கும் என்றுதான் பொறியாளர்களும் கணக்குப் போட்டிருந்தார்கள். நிற்கவில்லை, மெல்ல மெல்லத் திரும்பியது. கோளுக்குள் ஓடிய மின்சாரம் அதை லேசான காந்தமாக்கிவிட, பூமியின் காந்தப்புலம் அதைப் பிடித்துத் திருப்பியிருக்கிறது. டைரோஸ்-2இல் வேண்டுமென்றே ஒரு மின்கம்பிச் சுருளை வைத்து, அதே விசையால் கோளைத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள்.

1960இல் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான 'நோவா' படங்களை ஆராய்ந்தது என்றும் எழுதிவிடாதீர்கள். நோவா பிறந்தது 1970இல். 1960இல் இருந்தது அமெரிக்க வானிலைப் பணியகம்.

கடைசியாக நம் பக்கத்துத் தவறு. தனுஷ்கோடி அழிந்த 1964 டிசம்பரைப் பற்றி எழுதும்போது, "அப்போது வானிலைச் செயற்கைக்கோளே இல்லை" என்பார்கள். இருந்தன. டைரோஸ் வரிசைக் கோள்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. இல்லாதது, வங்கக் கடல்மேல் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று. இந்தியாவுக்கென அப்படி ஒரு கண், 1982இல் ஏவிய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்த பிறகு, 1983 ஆகஸ்டில் போன இன்சாட்-1பி மூலம் நிலைத்தது.

"இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள்" என்பது இதே தவறின் மறுபக்கம். 1970 நவம்பர் 12 இரவு கிழக்குப் பாகிஸ்தானின் போலாவைத் தாக்கிய புயலைச் செயற்கைக்கோள் முன்னதாகவே படம் பிடித்திருந்தது. எச்சரிக்கை பல தீவுகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. சேர்ந்த இடத்திலும் ஏறி ஒதுங்க உயரமான கட்டடம் இல்லை. குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள்.