கைட்டை உச்சியில் நிறுத்திக்கொண்டு கரையில் நிற்காதீர்கள்

போன வாரம் பாம்பன் தீவின் தென்கரையில், கைட்போர்டிங் (கைட் என்னும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்குவது) பழக வந்த நான்கு பேருக்குத் துணையாக நின்றேன். பழகிய காலத்தில் நான் செய்த அதே தவறுகளை ஒவ்வொன்றாகச் செய்தார்கள். ஹெல்மெட் போடாதது, மின்கம்பிக்குப் பக்கத்தில் கைட் ஏற்றுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உச்சியில் நிற்கும் கைட்

கைட் ஏறியதும் தலைக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அங்கே அது சாதுவாக நிற்கும், லைன் எனப்படும் கயிறுகளைக் கோத்த கைப்பிடியான பார் கையில் லேசாக இருக்கும். உடனே நிம்மதி வந்துவிடுகிறது. ஒருவர் கைட்டை உடம்போடு இணைக்கும் பட்டையான ஹார்னஸை இறுக்குகிறார், இன்னொருவர் போட்டோ எடுக்கச் சொல்கிறார். இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. நாம் கரையில் நிற்கும்போது கைட்டுக்கு அதைவிட மோசமான இடம் வானத்தில் இல்லை.

உச்சியில் இருக்கும் கைட் காற்றைப் பிடித்தால் ஆளை மேலேதான் தூக்கும். காற்றின் வேகம் கொஞ்சம் ஏறினாலே இழுப்பு நிறைய ஏறும். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்று 20 நாட்டாக ஏறினால் இழுப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு.

எனக்கு அது நடந்தது 9 சதுர மீட்டர் கைட்டில். பலகையை எடுக்கக் குனிந்தேன். ஒரு வீச்சு வந்தது, கால் மணலில் இல்லை. பயத்தில் கை தானாகவே பாரை நெஞ்சோடு இழுத்துக்கொண்டது. பாரை இழுத்தால் விசை கூடும், விட்டால்தான் குறையும். தெரிந்தும் கை கேட்கவில்லை. ஓர் ஆள் உயரத்திலிருந்து விழுந்தேன். தலைக்கு ஒரு முழம் தள்ளி வள்ளத்தின் நங்கூரம் கிடந்தது. மூன்று கொக்கி மணலுக்குள், ஒன்று மட்டும் மேலே நீட்டிக்கொண்டு.

காற்று ஓய்ந்தாலும் ஆபத்துதான். லைன் தொய்ந்து கைட் கீழே சரியும், சரிந்த இடத்தில் மறுபடி காற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும்.

அதனால் கைட்டைக் கடல் பக்கமாக, உச்சிக்கும் தரைக்கும் பாதியில் தாழ்த்தி வையுங்கள். வீச்சு வந்தால் பக்கவாட்டில், தண்ணீரை நோக்கித்தான் இழுக்கும். கைட்டின் இழுப்பைச் சட்டென்று விடுவிக்கும் குயிக் ரிலீஸைத் தள்ள நேரம் கிடைக்கும். பலகையை முன்பே தண்ணீர் ஓரத்தில் வைத்துவிடுங்கள். ஹார்னஸ், போட்டோ எல்லாம் கைட் ஏறுவதற்கு முன்பு. ஏறியதும் நேராகத் தண்ணீருக்கு நடங்கள்.

கத்திச் சொல்வது

லைன் பெரும்பாலும் 20 முதல் 24 மீட்டர் நீளம், கைட்டைப் பிடிப்பவர் அவ்வளவு தள்ளி நிற்பார். போன வாரம் கைட்டைப் பிடித்திருந்த பையன் "விடவாண்ணே?" என்று கேட்டான். "விடாதடா தம்பி" என்றார் பாரைப் பிடித்திருந்தவர். காற்றிரைச்சலில் அவன் காதுக்குப் போனது "விடு" மட்டும்தான். விட்டுவிட்டான். கைட் ஒரு சுற்றுச் சுற்றி மணலில் மோதியது, நல்லவேளையாக யாரும் பக்கத்தில் இல்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் மட்டுமே விட வேண்டும். அதுவும் கையைத் திறந்தால் போதும், தூக்கி எறியக் கூடாது.

லைன் மாறிப்போவது

ஒரு லைனை மாற்றிக் கோத்துவிட்டால் கைட் ஏறியதுமே சுழலத் தொடங்கும், நிறுத்த முடியாது. பாரிலிருந்து கைட் வரை நடந்தே சரிபாருங்கள். சிவப்பு, இடது கைக்கு.

போன சீசன் கரையை நம்புவது

தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கரையில் அது கடலிலிருந்து கரைக்கு வரும். அதே நாளில் வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். பனைகளைத் தாண்டி வருவதால் விட்டு விட்டு வீசும், தடுமாறினால் உள்கடலுக்குத் தள்ளும். வாடை வந்தால் எல்லாம் தலைகீழ். எந்தக் கரையானாலும், காற்று போகும் திசையில் குறைந்தது இரண்டு லைன் நீளத்துக்கு, அதாவது 50 மீட்டருக்கு, சீமைக் கருவேலமோ வள்ளமோ ஆளோ இருக்கக் கூடாது.

கரைவலை இழுக்கும் நேரம்

ஏற்றாதீர்கள்.

குயிக் ரிலீஸ்

மணல் ஏறிச் சிக்கிக்கொள்ளும். தினமும் ஒருமுறை தள்ளிப் பார்த்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இறக்கிய கைட்டை அப்படியே விடுவது

பம்பால் காற்றடித்த முன்விளிம்பைக் காற்று வரும் பக்கமாகக் கவிழ்த்து, துணிமேல் இரண்டு கை மணல் அள்ளிப் போடுங்கள். அப்புறம் லைனைச் சுற்றி எடுத்துவிடுங்கள். கரையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். மணல் நிறத்தில் கிடக்கும் லைன் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.