மெட்ரோ வரைபடத்தைப் பார்த்துச் சரியான ரயிலில் ஏறுவது எப்படி?

முன்பின் தெரியாத ஊரில் மெட்ரோ ஏறுகிறவர்கள் பெரும்பாலும் தடத்தைச் சரியாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கோட்டை விடுவது திசையில்தான். நானும் ஒருமுறை எதிர்த்திசையில் ஏறி, நான்கு நிலையம் தாண்டிய பிறகே விழித்துக்கொண்டேன்.

முதலில், நீங்கள் நிற்கும் நிலையத்தையும் இறங்க வேண்டிய நிலையத்தையும் வரைபடத்தில் தேடுங்கள். இரண்டும் ஒரே நிறக் கோட்டில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரு கோடுகளும் சந்திக்கும் நிலையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வண்டி மாற வேண்டும்.

அடுத்தது திசை. நிற்கும் நிலையத்தில் விரலை வைத்து, இறங்கும் நிலையத்தையும் தாண்டி, கோட்டின் முனைவரை நகர்த்துங்கள். அந்தக் கடைசி நிலையத்தின் பெயரைத்தான் நடைமேடைப் பலகையில் தேட வேண்டும். பாரிஸில் திசையை இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். கோடு நடுவில் கிளை பிரிந்தால், வரும் ரயில் எந்தக் கிளைக்குப் போகிறது என்று அதன் முகப்பையும் பாருங்கள்.

டோக்கியோவில் இன்னும் சுலபம். 2004 முதல் சுரங்க ரயில் நிலையங்களுக்கு எண் உண்டு. கின்சா நிலையம் ஜி09, அசகுசா நிலையம் ஜி19; ஜி என்பது தடத்தைக் குறிக்கும் எழுத்து. கின்சாவில் ஏறி அசகுசா போகிறவருக்கு அடுத்த நிலையம் 10 ஆக இருக்க வேண்டும். 08 வந்தால், சரி, எதிர்த்திசையில் ஏறிவிட்டீர்கள்!

வரைபடத்தில் தெரியும் தூரத்தை மட்டும் நம்பாதீர்கள். 1931இல் ஹாரி பெக் லண்டன் சுரங்க ரயிலுக்கு வரைந்த படம் நிலையங்களின் வரிசையையும் சந்திப்புகளையும்தான் காட்டியது, தூரத்தை அல்ல. இன்றைய மெட்ரோ படங்கள் பலவும் அதன் வழியில் வந்தவை. லண்டனில் லெஸ்டர் ஸ்குவேர் நிலையத்துக்கும் கோவென்ட் கார்டன் நிலையத்துக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். படிக்கட்டு இறங்கி ஏறும் நேரத்தில் நடந்தே போய்விடலாம்.

தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் ஊர்களில், வெளியேறும்போதும் அட்டையைக் காட்ட மறக்காதீர்கள். லண்டனில் மறந்தால் அதிகபட்சக் கட்டணம் போய்விடும்.

அப்புறம், தவறான திசையில் ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் உடனே குதித்து இறங்க வேண்டாம். நியூயார்க்கில் சில நிலையங்களில் எதிர் நடைமேடைக்கு உள்ளேயே போக வழி கிடையாது. வெளியே போய், மறுபடி கட்டணம் கட்டித்தான் நுழைய வேண்டும். தடம் மாறும் பெரிய நிலையம் பக்கத்தில் இருந்தால், அதுவரை உட்கார்ந்தே போங்கள்.