நான்-லீக் அவே மேட்ச்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீக் முதல் லீக் டூ வரை நான்கு அடுக்குகள். அதற்குக் கீழே ஆடுகிற கிளப்கள் எல்லாம் நான்-லீக். பெரிய லீக் ஆட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்கள் அதே நினைப்பில் இங்கேயும் அவே மேட்சுக்கு, அதாவது எதிரணியின் ஊரில் நடக்கும் ஆட்டத்துக்குக் கிளம்புவதில்தான் பாதிச் சிக்கல்.

அட்டவணையில் போட்டிருக்கிறதே, ஆட்டம் நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. குளிர்காலத்தில் ஒரு ராத்திரி மழையோ உறைபனியோ பிடித்தால் போதும். சனிக்கிழமை காலை நடுவர் வந்து தரையை மிதித்துப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று சொல்லிவிடுவார். எழுந்ததும் ஒருமுறை, ரயில் ஏறுமுன் ஒருமுறை ஹோம் கிளப்பின் எக்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெய்ட்ஸ்டோன் மாதிரி 3ஜி செயற்கைத் தரை உள்ள இடமென்றால் மழையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். குறிப்பிட்ட ரயிலுக்கு முன்கூட்டியே எடுக்கும் அட்வான்ஸ் டிக்கெட் மலிவுதான், ஆனால் ஆட்டம் ரத்தானால் பணம் திரும்பாது. ஜனவரிப் பயணத்துக்கு ஆஃப்-பீக் (நெரிசலற்ற நேர) டிக்கெட் எடுப்பதே புத்திசாலித்தனம். மூன்று பேர் சேர்ந்து போனால் பல ரயில் கம்பெனிகளில் குரூப்சேவ் சலுகையில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

தள்ளிவைத்த ஆட்டம் பெரும்பாலும் செவ்வாய் இரவுக்குப் போகும். 7.45க்குத் தொடங்கினால் முடிய ஒன்பதரை தாண்டிவிடும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். 2025-26 பருவத்தில் நான்-லீக்கின் உச்சியில் உள்ள நேஷனல் லீக்கில் ஆடிய கேட்ஸ்ஹெட்டுக்கும் ட்ரூரோவுக்கும் இடையே ஏறத்தாழ 450 மைல். அந்த மாதிரிப் பயணத்துக்கு மறுநாள் லீவு போடாமல் வழியில்லை.

கிளப் பெயரை வைத்து ஊரை முடிவு செய்வது இன்னொரு தவறு. ஆஷ்ஃபோர்ட் யுனைடெட் கென்ட்டில் இருக்கிறது. ஆஷ்ஃபோர்ட் டவுன் இருப்பதோ ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில். ரயில் நிலையங்களும் இரண்டு, அதிலும் ஒன்றின் பெயரோடு சர்ரி ஒட்டிக்கொண்டிருக்கும். சொந்த மைதானம் இல்லாத கிளப்கள் வேறு ஊரில் இடம் வாங்கி ஆடுவதும் சகஜம். 2007 வெள்ளத்தில் மைதானத்தை இழந்த க்ளோஸ்டர் சிட்டி, 2020 வரை ஊர் ஊராக அலைந்தது. பிறகு 2023-24இல் ட்ரூரோ தன் ஹோம் ஆட்டங்கள் சிலவற்றை அதே க்ளோஸ்டரில் ஆட வேண்டிவந்தது. ட்ரூரோவிலிருந்து 150 மைலுக்கு மேல்! கிளப் பெயரை விட்டுவிட்டு, மைதானத்தின் போஸ்ட்கோடை மேப்பில் போடுங்கள்.

பீர் விஷயத்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நேஷனல் லீக்கின் மேல் பிரிவு வரை அது செல்லும்: ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிக்கக் கூடாது, ரசிகர்களை ஏற்றிப்போகும் கோச்சிலும் கூடாது. அதற்குக் கீழே உள்ள பிரிவுகளில் கையில் ஒரு பைன்ட் பீரோடு தடுப்புக் கம்பியில் சாய்ந்து பார்க்கலாம்; என்னைக் கேட்டால், கீழ்ப் பிரிவுகளின் பெரிய சுகமே அதுதான். ஆனால் பெரிய கிளப்களும் சிறிய கிளப்களும் மோதும் எஃப்ஏ கோப்பையில், மேல் நான்கு அடுக்குகளின் கிளப் ஒன்று எதிரணியாக வாய்த்தால் அன்றைக்குச் சட்டம் பொருந்தும். போன வாரம் விட்டார்களே என்று வாசலில் வாதாடிப் பயனில்லை.

கார்டு மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வாசலில் கார்டு எடுப்பார்கள், பர்கர் கடையில் காசு கேட்பார்கள். சில இடங்களில் நேர் எதிர்.

உள்ளே போனதும் அவே ரசிகர்களுக்கான ஸ்டாண்டைத் தேட வேண்டாம். கீழ்ப் பிரிவுகளில் பெரும்பாலும் பிரித்து வைப்பதில்லை. அவரவர் அணி கோல் அடிக்கப்போகும் பக்கத்தில், கம்பத்துக்குப் பின்னால் நிற்பார்கள். இடைவேளையில் இரு கூட்டமும் எதிரெதிரே நடந்து இடம் மாறும். நீங்கள் திட்டுகிற லெஃப்ட் பேக்கின் அம்மா இரண்டடி தள்ளி நிற்கலாம், டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் சம்பளம் வாங்காத தன்னார்வலராக இருக்கலாம். வாயை அடக்கிக்கொள்ளுங்கள். டீ வேண்டுமென்றால் 40ஆவது நிமிடமே நகர்ந்துவிடுங்கள். அந்த இடமாற்றக் கூட்டம் முழுக்க டீக்கடை வழியாகத்தான் போகும், இறைச்சி அடைத்த பை (pie) முதலில் தீர்ந்துவிடும்.