ஜப்பானில் துப்பறியும் கதை எழுதப்போகிறீர்களா? முதலில் அந்தத் துப்பாக்கியைக் கீழே வையுங்கள்

துப்பறிவாளர் நரிதா விமான நிலையத்தில் இறங்குவார். டாக்சி பிடித்து நேராக டோக்கியோவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோ போவார். ஒரு பாருக்குள் நுழைந்ததும் உடம்பெல்லாம் டிராகன் பச்சை குத்திய நாலு பேர் வாளோடு சுற்றி வளைப்பார்கள், இவர் கோட்டுக்குள்ளிருந்து பிஸ்டலை எடுப்பார். நண்பர்கள் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பும் ஜப்பான் த்ரில்லர்களில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. மறைப்பானேன், நான் எழுதிக் கிழித்துப்போட்ட முதல் கதையும் இதே கபுகிச்சோவில் இதே பிஸ்டலோடுதான் தொடங்கியது.

பிஸ்டலை முதலில் பிடுங்கிவிடலாம். 1958-ல் வந்த துப்பாக்கி, வாள் சட்டப்படி ஜப்பானில் சாதாரண ஆள் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள வழியே கிடையாது. வேட்டைக்கு நீளத் துப்பாக்கி வாங்கலாம், ஆனால் வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மருத்துவச் சான்று எல்லாம் முடித்து, வாங்கிய துப்பாக்கியை வருடா வருடம் போலீஸிடம் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே நாராவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சுட்டவன் கையில் இருந்தது அவனே செய்த நாட்டுத் துப்பாக்கி. அதனால் வில்லன் கையில் துப்பாக்கி வேண்டும் என்றால், அது எப்படி அங்கே வந்தது என்பதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குங்கள். வாளும் அப்படித்தான். பழைய கட்டானா ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவுச் சான்று உண்டு, அதைத் தருவது அந்தந்த மாகாணத்தின் கல்வி வாரியம்! சான்று இருப்பதால் இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்கலாம் என்று அர்த்தமில்லை. சாமுராய்களுக்கே 1876-ல் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

அடுத்தது துப்பறிவாளரே. அவரை அரைப் போலீஸாக எழுதுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தப்பு. அடையாள அட்டையை நீட்டுவார், ஹோட்டல் வரவேற்பில் இருப்பவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவார். நடக்காது. ஜப்பானில் தனியார் துப்பறிவாளர்களுக்கென்று 2007 ஜூனிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. தொழில் தொடங்கும் முன் உள்ளூர்க் காவல் நிலையம் வழியாக மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாடிக்கையாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். இவ்வளவு செய்தாலும், தெருவில் போகிற ஒருவருக்கு இல்லாத எந்த அதிகாரமும் இவருக்குக் கிடையாது என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பிழைப்பில் பெரும்பகுதி கள்ள உறவைக் கண்டுபிடிப்பதும் காணாமல்போனவர்களைத் தேடுவதும்தான்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. விசாரணை முடிவைக் குற்றத்துக்கோ பாகுபாட்டுக்கோ பயன்படுத்த மாட்டேன் என்று வாடிக்கையாளரிடம் எழுதி வாங்க வேண்டும். ஏன் பாகுபாடு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது? தோல் பதனிடுவது, இறைச்சி வெட்டுவது, பிணம் சார்ந்த வேலைகள் இவற்றால் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைக்கப்பட்ட புராக்கு மக்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வாழும் ஊர்களின் பெயர்ப் பட்டியலை அச்சிட்டு நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்றது 1975-ல் அம்பலமானது. வேலைக்கு ஆள் எடுக்கும் முன், பெண் கொடுக்கும் முன், பூர்வீகம் எது என்று பார்ப்பதற்குத்தான். ஊர்ப் பெயரை வைத்து ஆளை எடைபோடும் இந்த வித்தையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வருடமே, யார் வேண்டுமானாலும் அடுத்தவரின் குடும்பப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்ற பழைய வழக்கத்துக்குச் சட்டத்தில் தடை போட்டார்கள். அதனால் 'நகராட்சி அலுவலகத்தில் பத்தே நிமிடத்தில் அவன் குடும்ப விவரத்தை வாங்கினார்' என்று உங்கள் கதாநாயகரைப் பற்றி எழுதினால், அவர் சட்டத்தை மீறுகிறார் என்று அர்த்தம். மீறட்டும், அது நல்ல கதைதான். ஆனால் மீறுகிறார் என்பது எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண் வீட்டார் கொடுத்த 'சாதாரண' கல்யாண விசாரணை ஒன்றிலிருந்து ஆரம்பியுங்களேன், நாலு டிராகன்காரர்களைவிட இது பயங்கரமானது.

சரி, ஜப்பானின் பழைய ரவுடிக் கும்பல்களான யாகூசா. எல்லாரும் 1970-களின் யாகூசாவை இன்றைய டோக்கியோவில் உலவ விடுகிறார்கள். 1960-களில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் இருந்த கூட்டம், இன்று இருபதாயிரத்துக்கும் கீழே சுருங்கிவிட்டது. 1992-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒரு அடி. 2011-க்குள் எல்லா மாகாணங்களிலும் வந்த ஒதுக்கல் விதிகள் அதைவிடப் பெரிய அடி, ஏனென்றால் அவை யாகூசாவோடு கொடுக்கல் வாங்கல் வைக்கும் சாதாரண ஆட்களைக் குறிவைத்தன. இன்று ஒரு யாகூசா தன் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியாது, செல்பேசி இணைப்பு வாங்க முடியாது, வீடு வாடகைக்குக் கிடைப்பது கஷ்டம். தான் யார் என்பதை மறைத்து கோல்ஃப் ஆடியதற்காக மோசடி வழக்கில் கைதானவர்கள் உண்டு. அறுபத்தைந்து வயதில், பேத்தியின் பெயரில் வாங்கிய போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய ரவுடியை எழுதிப் பாருங்கள்.

அவர்கள் விட்ட இடத்தை இப்போது முகம் தெரியாத கும்பல்கள் பிடித்திருக்கின்றன. 'ஒரே நாளில் நல்ல சம்பளம்' என்று சமூக வலைத்தளத்தில் ஆள் எடுத்து, தானாக அழியும் செய்திகளில் கட்டளை கொடுத்து, ஒருவரையொருவர் அறியாத பையன்களை வைத்து வயதானவர்களின் வீடுகளில் கொள்ளையடிப்பது. சந்தேகப்பட்ட ஒரு கும்பலின் தலைகள் மணிலாவில் குடியேற்றத் துறையின் தடுப்பு முகாமில் இருந்துகொண்டே போனில் ஜப்பானில் ஆட்களை இயக்கியதாகச் சொல்லி, 2023 பிப்ரவரியில் அவர்களை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். 'சர்வதேச' என்ற சொல்லுக்கு நாலு நாட்டு விமான நிலையங்களை வர்ணிக்க வேண்டியதில்லை, ஒரு முகாமும் ஒரு போனும் போதும்.

சர்வதேசம் என்றதும் இண்டர்போல் அதிகாரி ஒருவர் வந்து கைவிலங்கு மாட்டுவார், அதையும் விட்டுவிடுங்கள். இண்டர்போலுக்கு யாரையும் கைது செய்யும் அதிகாரம் இல்லை, அது நாடுகளின் போலீஸுக்கிடையே தகவல் கடத்தும் அமைப்பு. ஜப்பானுக்குக் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இருப்பது அமெரிக்காவோடும் தென் கொரியாவோடும் மட்டும்தான். நிசான் கார் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் கார்லோஸ் கோன், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2019 டிசம்பரில் பெரிய இசைக்கருவிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு ஒசாகா பக்கத்து கன்சாய் விமான நிலையம் வழியாகத் தப்பி லெபனான் போய்ச் சேர்ந்ததை நாம் கதையில் எழுதியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கைதுக் காட்சியில், 'என் வக்கீல் வராமல் பேச மாட்டேன்' என்ற வசனம் வேண்டாம். பேசாமல் இருக்கும் உரிமை உண்டு, ஆனால் விசாரணை அறைக்குள் வக்கீலைப் பக்கத்தில் உட்கார வைப்பது அங்கே வழக்கமில்லை. குற்றம் சாட்டும் முன்பே 23 நாள் வரை உள்ளே வைக்கலாம், அப்புறம் வேறொரு புகாரில் மறுபடி கைது செய்து அந்தக் கணக்கை முதலிலிருந்து தொடங்கலாம். உங்கள் துப்பறிவாளர் ஒரு வீட்டுச் சுவரைத் தாண்டிப் பிடிபட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிணத்தைத் தோண்டி எடுத்து மறுபரிசோதனை செய்யும் காட்சி, இது எனக்கு வந்த கதை ஒன்றில் உச்சக்கட்டமே. ஜப்பானில் கிட்டத்தட்ட எல்லாரையும் எரித்துவிடுகிறார்கள், தோண்டினால் கிடைப்பது சாம்பல் ஜாடி. இறந்து 24 மணி நேரம் கழித்துத்தான் எரிக்கலாம், ஆகவே உங்கள் ஆளுக்கு இருக்கும் அவகாசம் அதை ஒட்டித்தான். அதற்குப் பதிலாக எலும்பு பொறுக்கும் சடங்கைப் பாருங்கள். தகனம் முடிந்த தட்டைச் சுற்றிக் குடும்பம் நிற்கும். இரண்டிரண்டு பேராக நீளக் குச்சிகளால் எலும்புத் துண்டை எடுத்து ஜாடியில் போடுவார்கள், கால் எலும்பில் தொடங்கி மேலே மேலே போய்த் தலையில் முடிப்பார்கள், ஜாடிக்குள்ளும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டுமே. சாப்பாட்டு மேஜையில் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றக் கூடாது என்பது இதனால்தான். அந்த வட்டத்தில் குச்சி பிடிக்கும்போது யார் கை நடுங்கியது என்பதைத் துப்பறிவாளர் பார்த்தால் போதாதா?

சின்னச் சின்னத் தப்புகளும் இருக்கின்றன. டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை, முகவரி என்பது வட்டாரம், தொகுதி, கட்டட எண் என்றுதான் போகும், அந்த எண்களும் வரிசையாக இருக்காது. டாக்சிக் கதவை டிரைவரே தன் இருக்கையிலிருந்து திறந்து மூடுவார், உங்கள் ஆள் கதவை அறைந்து சாத்தினால் அந்த நிமிடமே வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். குடும்பப் பெயர்தான் முதலில் வரும், 'சான்' என்ற மரியாதைச் சொல் அடுத்தவர் பெயரோடுதான் ஒட்டும், 'நான் தனாகா-சான்' என்று எவரும் தன்னைச் சொல்லிக்கொள்ள மாட்டார். சாட்சியிடம் ஒன்று கேட்டதும் அவர் 'ச்சொத்தோ...' என்று இழுத்து நிறுத்துவார். அகராதியில் அதற்கு 'கொஞ்சம்' என்று பொருள், அந்த இழுப்பில் 'முடியாது, மேற்கொண்டு கேட்காதீர்கள்'.

என் கதையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை பிஸ்டல் இல்லை. என் துப்பறிவாளர் பின்தொடர்ந்த ஆள் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்ட கடைசி ரயிலில் ஏறிவிட்டான், கதவு இவர் முகத்துக்கு நேராக மூடிக்கொண்டது, அடுத்த ரயில் விடியற்காலை நாலரை வாக்கில்தான். ஷின்ஜுகு நிலையத்துக்கு வெளியே, இருநூறு சொச்சம் வாசல்களில் எது தன் வாசல் என்று தெரியாமல், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குடையோடு நின்றுகொண்டிருக்கிறார்.